அம்மன் பெட்டியில் வைத்த கால்

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு புத்தி சொல்கிறேன். பழைய சாமான் கண்காட்சி என்று யாராவது கூப்பிட்டால் பொழுதுபோக்குக்கு எழும்பிப் போய்விடாதீர்கள். நாம் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் இப்போது கண்ணாடிக்குள் போய்விட்டது. பக்கத்தில் ஒரு அட்டையும் வைத்துவிடுகிறார்கள். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நான் போன மாதம் போய்விட்டு வந்தவள். 

என்னை இழுத்துப் போனவள் என் கூட்டாளி. ஏறாவூர்க்காரி. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வாட்டில் நேர்ஸ் மிஸ்ஸிமாராக வேலை செய்து ஒன்றாகவே பென்சன் எடுத்தவர்கள். மாதத்தில் ஒருநாள் மட்டக்களப்புப் பட்டினத்தில் சந்தித்து, தேத்தண்ணி குடித்து, ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு அவள் வடக்கே பஸ் ஏறுவாள், நான் தெற்கே தேற்றாத்தீவுக்கு ஏறுவேன். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. வாவிக்கரையில் ஒரு பழைய கட்டடத்தின் வாசலில், ஒல்லாந்தர் காலத்து வீட்டுச் சாமான்கள் என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். டச்சுக்காரர் இங்கே ஆண்ட காலம்.

"வாகா, உள்ளுக்க பேன் போட்டிரிப்பானுகள். கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போவம்" என்றாள்.

காத்து வாங்கத்தான் போனோம். உள்ளே நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டுகள், காலை நீட்டிச் சாய்கிற பிரம்புக் கதிரை, கோப்பி அரைக்கிற பொறி, பித்தளைப் படிக்கம், இரண்டு ஆள் உயரத்தில் ஒரு அலுமாரி. ஒவ்வொன்றையும் யார் செய்தார்கள், எந்த மரம், எப்படிப் பூட்டினார்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தார்கள். என் கூட்டாளி படிக்கத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள துப்பின ஆள்ட கதையெல்லாம் எழுதியிரிக்கானுகள். கழுவின ஆளப் பத்தி ஒரு வரி இரிக்கா பாரு."

வாட்டில் கழுவித் துடைத்தே காலம் போனவர்கள் நாங்கள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பினேன்.

உள்ளே எங்கள் வீட்டு அம்மன் பெட்டி இருந்தது.

ஒரு முழ அகலச் சதுரப் பெட்டி. கறுத்த மரம். மேல்பலகையில் பூப்போல வட்டமாகத் துளைகள். ஒரு பக்கம் திறந்து, உள்ளே ஒரு சின்ன மண்சட்டி. தூக்குவதற்குப் பித்தளைப் பிடி. என் கை என்னைக் கேட்காமலே கும்பிட்டுவிட்டது.

"என்னகா, என்னத்தக் கும்பிடுற?"

 அட்டையை வாசித்தேன். கால் சூடேற்றும் பெட்டி என்று இருந்தது. குளிர் நாட்டுப் பெண்கள் உள்ளே தணல் சட்டியை வைத்து, மேலே இரண்டு காலையும் ஊன்றி, பாவாடையை அதன் மேல் விழவிட்டுக் குளிர் காய்வார்களாம். இங்கே வந்து குடியிருந்த ஒல்லாந்தர் பழக்கதோசத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். இந்த ஊர் வெக்கைக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டிருக்காது என்றும் எழுதி, விளங்கட்டும் என்று பின்னால் ஒரு படத்தையும் ஒட்டியிருந்தார்கள். படத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண். மடியில் கொழுத்த குழந்தை. அவளுடைய இரண்டு காலும் அம்மன் பெட்டியின் மேல்.

கூட்டாளி என்னைப் பிடித்துக் காவலாளியின் கதிரையில் இருத்தினாள். நாடி பிடித்துப் பார்த்தாள். பழக்கம் அவளுக்கும் விடவில்லை.

நான் அந்தப் படத்தை உயிரோடு பார்த்தவள். இங்கே, வாவிக்கு மேற்கே, பழுகாமத்தில், எங்கள் வீட்டுச் சாமியறையில்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா, அப்பா, நான், தம்பி, அம்மாவின் தங்கச்சியான என் சின்னம்மா, இவ்வளவு பேரும் அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தோம். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கலியாணம் கட்டிப் பெண்சாதி வீட்டோடு போய்விட்டாலும் காலையும் மாலையும் வந்துவிடுவார். அவருக்கு இங்கே ஒரு பெரிய வேலை இருந்தது. அம்மன் பெட்டிக்குப் பூசை செய்வது.

அந்தப் பெட்டி எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கண்ணகை அம்மன் வாவி கடந்து வந்தபோது அமர்ந்து வந்த பீடம் என்று மாமா சொல்வார். அதைக் கேட்டால் ஊரில் எவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அதில் நடக்கும் அதிசயத்தை அவர்கள் கண்ணாலே கண்டவர்கள். மாமா கும்பத்தை நிறைத்து, வேப்பிலை செருகி, பெட்டியின் மேல் வைப்பார். உள்ளே தணல் சட்டியை வைத்துச் சாம்பிராணி போடுவார். கொஞ்ச நேரத்தில் துளைகளுக்குள்ளால் புகை எழும்பிக் கும்பத்தைச் சுற்றிச் சுற்றிப் போகும். வேப்பிலை தானாக அசையும். அம்மன் மூச்சு விடுகிறாள் என்று பெண்கள் குரவை போடுவார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். இப்போது நினைத்தாலும் அந்தச் சாம்பிராணியும் வேப்பிலை வெந்த மணமும் மூக்கில் வந்து நிற்கிறது.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி நடக்கிற நாட்களில் எங்கள் வளவு வாசல் கடப்படியில் சனம் வரிசையில் நிற்கும். குளிர்த்தி என்பது கோபத்தில் கொதித்த கண்ணகையைக் குளிரவைப்பது. அவளைக் குளிரவைக்க ஊரெல்லாம் நோன்பிருந்தோம். அவளை இருத்தியிருந்ததோ குளிர் காயும் பெட்டியில். காவலாளியின் கதிரையில் இருந்தபடி இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

பெட்டியை மாமா மட்டும்தான் தொடலாம். குளித்து, ஈர வேட்டியோடு வந்து தொடுவார். பிள்ளைகள் அந்த அறைக்குள் ஓடக்கூடாது. பெட்டி இருக்கிற பக்கம் கால் நீட்டிப் படுக்கக்கூடாது. நித்திரையில் என் கால் திரும்பிவிட்டால் அம்மா எழும்பித் திருப்பிவிடுவாள்.

சின்னம்மாவுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது. நெட்டை. வாய் ஓயாது. அப்பாவை மாதிரியும் கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரை மாதிரியும் நடந்து காட்டுவாள். தம்பி பிறந்ததிலிருந்து அவன் அவளுடைய இடுப்பிலேதான். பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் கொடுப்பாள். அவளுக்கு எங்கள் மச்சான் முறைப் பையன் ஒருவனைப் பேசியிருந்தார்கள். தை பிறந்தால் கலியாணம் என்று பேச்சு.

அந்த மாரி கடுமையானது. வாவி பெருகி வளவு வரைக்கும் வந்துவிட்டது. வயல் வட்டையில் புல் நெல்லை மூடிக்கொண்டு வந்தது. பெண்களெல்லாம் நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று புல் பிடுங்கினார்கள். உங்களில் வயல்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணீரில் நின்றால் கால் என்னவாகும் என்று. விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, சீழ் வைத்துவிடும். சின்னம்மா இரவில் காலில் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு முனகுவாள். பகலில் ஒன்றும் இல்லாததுபோல மறுபடி வட்டைக்குப் போவாள்.

ஒருநாள் பொழுது படும் நேரம். மாமா பூசையை முடித்து, வேப்பிலை மாற்றக் கும்பத்தை இறக்கி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, மழை விட்ட நேரம் பார்த்துக் கோயிலடிக்குப் போயிருந்தார். நான் சாமியறை வாசலில் குந்தியிருந்தேன். சின்னம்மா வட்டையிலிருந்து நனைந்து ஒட்டிப்போய் வந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. பெட்டிக்குள் தணல் இன்னும் கனிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு முறை வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்து, இரண்டு காலையும் தூக்கிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"கத்தாத புள்ள," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஆ... கால் உயிர் வருகுது. இஞ்ச வந்து கைய வைச்சுப் பாரு."

நான் போகவில்லை. பயம். அவளுடைய ஈரச் சேலை துளைகளின் மேல் விழுந்து ஆவி பறந்தது. அவளுடைய முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்குப் பிறகு அவளில் காணவில்லை. அந்தப் பெட்டி எதற்கு என்று வாசித்துத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. கால் நொந்து தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

அப்போது அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்டாள். கண்டதும் கையால் வாயைப் பொத்தினாள். நான் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா சிரித்தாள்.

"எடுகா கால. அண்ணன் கண்டாரெண்டா வெட்டிப் போடுவார்."

"அண்ணனுக்குக் கால்ல புண் வந்தா அவரும்தான் வைப்பார்."

"வாய்க் கொழுப்பு உனக்கு." அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே தம்பியை அவளுடைய மடியில் வைத்தாள். "இவனப் பிடி, நான் ஒலை வைச்சிட்டு வாறன்."

சின்னம்மா தம்பியை மடியில் வைத்து ஆட்டினாள். கால் பெட்டியின் மேலேயே இருந்தது. கீழே இருந்து வந்த சூட்டுக்குத் தம்பி காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் ஊருக்குள் அம்மாள் வருத்தம், அம்மை நோய், வந்தது. முதலில் குளக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில். பிறகு எங்கள் தெரு ஒழுங்கையில் வீடு வீடாக. எனக்கும் வந்தது, வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். எனக்கு வடிந்துவிட்டது. தம்பிக்கு உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். அந்தச் சின்ன உடம்பில் வைக்க இடமில்லாமல் கொப்புளம். இரண்டு இரவு மூச்சு இழுத்தான். மூன்றாம் நாள் விடியும்போது அம்மாவின் கையில் அடங்கிப்போனான்.

அம்மா அழவில்லை முதலில். தம்பியைக் கீழே வைக்கவும் விடவில்லை. மாமா வாசலில் நின்று, அம்மனுக்கு என்ன குறை வைத்தோம், என்ன குறை வைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் அம்மா நிமிர்ந்து, கூடியிருந்த சனத்துக்கு நடுவில் சின்னம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இவள்தான். இவள்தான் அம்மன்ட பெட்டியில கால வைச்சவள். என்ட புள்ளையை மடியில வைச்சிட்டுக் கால வைச்சவள்."

சின்னம்மாவின் வாய் திறந்தது.  இல்லை என்று சொல்ல முடியாது, வைத்தாள்தானே. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நீயும் நின்றாயே, நீயும் சிரித்தாயே என்று அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மச்சான் வீட்டார் பேச்சை முறித்தார்கள். அம்மன் கோபித்த பெண்ணை எடுத்து விளக்கேற்ற முடியாது என்று அந்தப் பையனின் தாயான மாமி வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். கோயில் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் கூடித் தீர்த்தார்கள். சின்னம்மா வட்டை ஓரத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போனாள். அம்மா அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு தேற்றாத்தீவுக்கு வந்துவிட்டாள். மூடிக் கிடந்த வீட்டின் கூரையைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போனபோது பெட்டியும் போய்விட்டது. மாமா அதைத் தேடி வாவிக்கரையெல்லாம் அலைந்தார் என்று சொல்வார்கள். அவரும் இப்போது இல்லை.

அம்மா சின்னம்மாவோடு பேசுவதை அன்றைக்கே நிறுத்தியவள். வேறு வீட்டில் இருந்த அவர்களுடைய தாய் செத்தபோது ஒரே பிணத்துக்கு இரண்டு பக்கத்தில் இருந்து அழுதார்கள், முகம் பார்க்கவில்லை. என் கலியாணத்துக்குச் சின்னம்மா வந்து வாழைமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனாள். நான் மிஸ்ஸி வேலைக்குப் படித்து வந்தபிறகு அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அது கிருமியால் வருகிற நோய், மூச்சுக் காற்றில் தொற்றுகிற நோய், காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று. அம்மா "ஓம்" என்பாள். எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். நான் படித்த படிப்பு அந்த "ஓம்"மைத் தாண்டிப் போகவில்லை.

சின்னம்மா இன்னும் பழுகாமத்தில்தான் இருக்கிறாள். இப்போது கல்வீடு, அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. நான் ஒரு போன் வாங்கிக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவேன். நான் போனை எடுத்தால் அம்மா கோழிக்குத் தீன் போடப் பின்வளவுக் கோடிக்குப் போய்விடுவாள். வைகாசியில் சின்னம்மா கோயிலுக்குப் போகிறாள். எல்லைக்கு வெளியே, றோட்டோரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறாள். அந்தத் தீர்ப்புச் சொன்ன பெரியவர்களெல்லாம் செத்துவிட்டார்கள். இப்போதிருக்கிற பொடியன்மாருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. உள்ளே வாங்க அம்மம்மா என்று கூப்பிடுகிறார்களாம். அவள் போகிறாளில்லை.

இதையெல்லாம் நான் கண்காட்சியில் கதிரையில் இருந்தபடி கூட்டாளிக்குச் சொன்னேன். அவளுக்குப் பாதி முன்பே தெரியும். கேட்டுவிட்டு அந்தப் படத்தைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

"நீ இதப் போய் உங்கம்மாட்டக் காட்டப் போறியா?"

"காட்டாம?"

"அந்த மனிசிக்கு இப்ப என்ன வயசு? போற நேரத்தில எதுக்குகா? உங்க சின்னம்மாட்ட மட்டும் காட்டு. அவ கண்டு சந்தோசப்படட்டும்."

அவள் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. காலை வைக்கவென்றே செய்த பெட்டியில் காலை வைத்ததற்கு ஒருத்தி கலியாணமில்லாமல், கோயிலில்லாமல், கூடப்பிறந்தவளில்லாமல் கிழவியாகிவிட்டாள். அவளுக்கு மட்டும் இதைக் காட்டி என்ன பிரயோசனம்? சின்னம்மாவைத் தள்ளிவைத்தவள் அம்மாதானே. நான் போனை எடுத்துப் பெட்டியையும் அட்டையையும் படத்தையும் மாறி மாறிப் பிடித்தேன். 

பஸ்ஸில் வாவிப் பக்கத்து யன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு எவ்வளவு கெட்ட செய்தி சொன்னவள் நான். பெற்ற தாய்க்கு ஒரு சாமானின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா வாசலில் கதிரையில் இருந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனால் கண்ணில் விழுந்த பூவை வெட்டி எடுத்தபிறகு ஊசியில் நூல் கோர்ப்பாள். நான் பக்கத்தில் இருந்து, போனில் பெட்டியின் படத்தை நீட்டினேன்.

பயற்றங்காய் கையிலிருந்து விழுந்தது.

"இது எங்க கிடந்த?"

"எங்கட பெட்டி இல்லம்மா. அதே மாதிரி இன்னொண்டு. ஒல்லாந்தர்ட வீட்டுச் சாமான். குளிருக்குக் கால் வைக்கிற பெட்டியாம்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் இறுகியது. இந்த இறுக்கம் எனக்குத் தெரியும்.

"அவனுகள் கால் வைச்சாத் தலைய வைச்சா எனக்கென்ன? அவனுகளுக்கு அது பெட்டி. எங்கட பெட்டியில அம்மன் இருந்த. ஊரே கும்பிட்ட. அதுல போய் அவள்..."

 அவள் சொன்னதில் ஞாயம் இல்லையென்று எப்படிச் சொல்வேன்? கண்காட்சி அட்டையில் எழுதியிருப்பது செய்தவனின் கதை. கும்பிட்டவளின் கதை அதில் இல்லை. போனை மடியில் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது கை பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. வெள்ளைத் தொப்பிப் பெண். அம்மா குனிந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

கனநேரம் பார்த்தாள்.

"அவள் இரிந்தது மாதிரியே இரிக்கி" என்றாள்.

அவள் என்று சொன்னாளே தவிர, அந்தக் குரலில் முன்பிருந்த வெறுப்பு இல்லை. விரலால் குழந்தையைத் தொட்டாள். தொட்டதும் படம் பெரிதாகிவிட்டது. திரை முழுக்கக் குழந்தையின் முகம். அம்மா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"இது ஆரு?"

"அந்த மனிசிட புள்ளை."

"இந்தப் புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லயா?"

"ஒண்டும் ஆகல்லம்மா. அங்க வீட்டுக்கு வீடு இப்பிடித்தான் இரிப்பாங்களாம். மடியில புள்ளை, கால் பெட்டியில."

அம்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அப்ப என்ட புள்ள ஏன் செத்தவன்?"

என் வயதுக்காரர்களே, நான் எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள். தோளில் கை வைத்து, வருத்தத்தின் பெயரைச் சொல்லி, எங்களால் ஏலுமானதைச் செய்தோம் என்று சொன்னவள். அன்றைக்குக் கேட்டவள் என் தாய். இத்தனை காலமும் அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தம்பி இல்லாத வீட்டில் சோறாக்கினாள், என்னை வளர்த்தாள், கிழவியானாள். அதை நான் ஒரு பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கிப் பிடுங்கிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று வந்தவளுக்கு இது தோன்றவேயில்லை.

"அந்த மாதம் ஊரில வேற புள்ளைகளும் செத்ததுதானேம்மா" என்றேன் கடைசியில்.

"தெரியும். மூலை வீட்டுப் புள்ளை முதல் நாள் செத்த. அந்த வீட்டில ஆரு கால வைச்ச?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், வளவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தானே தூக்கி மடியில வைச்ச. அவள் கேக்கல்ல. ஒலை வைக்கப் போகக்க நான்தான் புள்ளையைக் குடுத்த. சிரிச்சிட்டுக் குடுத்த. அத நான் அண்ணனுக்குச் சொல்லல்ல. அவளும் சொல்லல்ல."

அம்மா அழுதாள். தம்பிக்கு அழுததை நான் பார்த்திருக்கிறேன். இது வேறு அழுகை. சத்தம் இல்லை. மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. நான் பயந்துபோய் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். உடைத்த பயற்றங்காயைக் கோழி வந்து கொத்தியது. துரத்த இருவருக்கும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவள்ட நம்பர் இதுலதானே இரிக்கி?"

"ஓம்."

"எடு."

எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்துப் பிடிக்க அவளுக்குப் பழக்கமில்லை. சத்தமாகக் கேட்கும்படி போட்டுவிட்டேன். இரண்டு கையாலும் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சின்னம்மா எடுக்கமாட்டாளோ என்று நினைத்தபோது எடுத்தாள்.

"என்ன புள்ள, இண்டைக்கு ஞாயிறு இல்லயே?"

 அம்மா பேசவேண்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் உதடு இரண்டு முறை அசைந்தது.

"நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது. இத்தனை காலம் கேட்காத குரல், கிழடு தட்டிப்போன குரல். ஆனாலும் சின்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"அக்கா, ஆரு செத்த?"

 அக்கா தன்னோடு பேசுவதென்றால் அதற்கு ஒரு சாவு விழுந்திருக்கவேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதற்கும் பேசுவாள் என்று நினைக்க அவளுக்கு நாங்கள் இடம் வைக்கவில்லை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒருத்தரும் சாகல்லடி" என்றாள். "ஒருத்தரும் சாகல்ல. சும்மாதான் எடுத்த."